பத்தாவது பெயர்

இரண்டு மணி ஷிப்ட் பேருந்துகளின் ஹாரன் பிரசவ அறையின் பச்சைத் திரைவரை வந்து அடங்குகிறது. ஜன்னல் கம்பிகளின் நிழல் செல்லக்கனியின் வயிற்றில் கோடு கோடாக விழுந்திருக்கிறது. கடைசி வருட நர்சிங் மாணவி கவியா அந்த வயிற்றில் குழலை ஊன்றி, மறுமுனையில் காதைப் பொருத்தி, கைக்கடிகார முள்ளோடு சிசுவின் துடிப்பை எண்ணுகிறாள். மேசையில் அவளுடைய ரெக்கார்டு நோட்டு திறந்திருக்கிறது. பரீட்சை எழுத வேண்டுமானால் பத்துப் பிரசவம் பார்த்திருக்க வேண்டும். கையெழுத்து வாங்க நாளைதான் கடைசி நாள். ஒன்பது பெயர்களுக்குக் கீழே செல்லக்கனியின் பெயரைப் பென்சிலால் முன்பே எழுதி வைத்துவிட்டாள். நிமிடம் முடிகிறது. நூற்று நான்கு. நூற்றுப்பத்துக்குக் குறைந்தால் ஆபத்து என்று செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே வேறு யாரோ பிரசவம் பார்ப்பார்கள். ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கிறது.

"இன்னாம்மா, எவ்ளோ வருது?" திரைக்கு அப்பாலிருந்து ஸ்டாஃப் நர்ஸ் கங்கம்மாள் கேட்கிறாள்.

கவியாவின் கண் நோட்டில் பென்சிலால் எழுதிய பெயருக்குப் போய்த் திரும்புகிறது. "சரியா கேக்கல சிஸ்டர். இன்னொரு வாட்டி எண்ணிட்டு சொல்றேன்."

குழலை மறுபடியும் வைக்கிறாள். வலி விட்ட இடைவெளியில் செல்லக்கனி அவள் கையை மெல்லத் தடவுகிறாள்.

"இங்க யாரும் இம்புட்டு கவனமாப் பாக்கலம்மா. நீ நல்லா இருக்கணும்."