ஈர மரம்

“சயாமுக்குச் சாகப் போறவன்கிட்டயும் வேலை வாங்குறீங்களே அண்ணே” என்றாள் மருதம்மாள்.

கடைசல்காரன் அய்யாவு தலை நிமிரவில்லை. கொட்டகைக்குள், அச்சில் பூட்டிய பெருங்கட்டை சுழன்றுகொண்டிருந்தது. அதைச் சுழற்றும் கயிற்றின் ஒரு முனையை அவள் கணவன் பிச்சையும் மறுமுனையை மணியமும் மாறி மாறி இழுத்தார்கள். உளி பட்ட இடத்திலிருந்து ஈரச் சீவல்கள் தெறித்து அவர்களுடைய வெற்று மார்பில் ஒட்டின.

ஜப்பானிய அதிகாரி தம் விருந்தில் சோறு பரிமாற அகன்ற மரவை ஒன்று கேட்டிருந்தார். சயாமில் ரயில்பாதை போட ஆள் ஏற்றும் லாரி, வியாழனன்று அவர்களிருந்த சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்துக்கு மறுபடியும் வருவதாக இருந்தது. முன்னர் அதில் போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை.

இம்முறை யார் யார் ஏற வேண்டும் என்று ஆட்களை மேய்க்கும் தண்டல் பக்கிரிசாமி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அறிவித்துவிட்டார். அந்த ஆண்களையே அய்யாவு கயிறிழுக்கக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

கட்டையில் பட்டை இல்லை. காட்டிலேயே உரித்து, தானே சுமந்து வந்திருந்தான். அதன் பால் அவன் விரல்களில் கருத்துப் படிந்திருந்தது.

“ஈர மரத்தைக் கடைஞ்சா வெடிக்காதா?” என்று கேட்டாள் மருதம்மாள்.

“வெடிக்கட்டும்.”

அடுப்புக்குச் சீவல் பொறுக்க வந்த பெண்களை அவன் உளியை ஓங்கி விரட்டினான். குப்பைகூட ஜப்பான்காரனுக்குத்தானா என்று அவர்களில் ஒருத்தியான இராசாத்தி கேட்டாள். அன்று மாலை, வரிசை வீடுகளில் அவன் பெயரைச் சொல்லிக் காறித் துப்பாதவர்கள் குறைவு.

வியாழன் விடியலில் மணியத்தின் கண்கள் வீங்கி மூடிக்கிடந்தன. கயிறிழுத்த மற்றவர்களுக்கும் முகமெல்லாம் தடிப்பு. பிச்சைக்கு மார்பிலும் கைகளிலும் மட்டும் கொப்புளங்கள். பெண்கள் நிலைப்படிகளில் வேப்பிலை செருகினார்கள்.

அம்மை என்று தண்டல் மலாய் மொழியில் சொன்னதும், லாரியோடு வந்த அதிகாரி அதை நோக்கிப் பின்வாங்கினார். ஆனால் லாரி வெறுமனே போகக் கூடாது. அவருடைய பிரம்பு, நின்ற ஆட்களின் வரிசை முழுவதையும் அளந்து, முகம் தெளிவாக இருந்த பிச்சையிடம் வந்து நின்றது.

மருதம்மாள் முன்னே வந்தாள்.

“கடைசல் அண்ணன் உடம்புல ஒரு கொப்புளங்கூட இல்ல, தண்டல். அவரை ஏத்தச் சொல்லுங்க.”

தண்டல் தயங்கினார். அய்யாவு அதிகாரிக்கு வேண்டிய ஆள். எனினும் மொழிபெயர்த்தார். கொட்டகை வாசலில் மரவை விளிம்பிலிருந்து அடிவரை வெடித்துக் கிடந்தது. அதிகாரி அதைப் பார்த்தார். பிறகு அய்யாவுவைப் பார்த்தார். பிரம்பு பிச்சையை விட்டு நகர்ந்தது.

அய்யாவு மறுக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு லாரியில் ஏறினான். பின்பலகை அருகே நின்ற மருதம்மாளை நோக்கிக் குனிந்தான். தண்டலுக்குக் கேட்காத குரலில் பேசினான்.

“பயப்படாத தங்கச்சி. அது அம்மை இல்ல, ரெங்காஸ் மரத்துப் பால் பட்ட கொப்புளம். காய்ஞ்சா வேகம் குறைஞ்சிரும். அதான் ஈரமாவே கடைஞ்சேன். கொஞ்ச நாள்ல ஆறிடும்.”

அவள் அவனுடைய கருத்த விரல்களைப் பார்த்தாள். ஒரு கொப்புளங்கூட இல்லை.

“அப்ப உங்களுக்கு மட்டும்…”

“என் உடம்புக்கு அது ஏறாது.”

லாரி அசைந்தது. பின்பலகையைப் பற்றியபடி அவன் கொட்டகையைக் கண்ணால் காட்டினான்.

“சீவலைக் கையில படாம அள்ளி, காயாம ஈரச் சாக்குல மூடி வை. அடுத்த லாரிக்கு ஆகும்.”