தொண்ணூறு கிலோ குறையுது

தையலக்காவின் கதவை ஒன்பது பேர் ஒரே நேரத்தில் தட்டினோம்.

ஒருவர் தட்டினால் “உடம்பு சரியில்ல” என்று உள்ளிருந்தே அனுப்பிவிடுவார். கணவர் இறந்துபோன பிறகு ஒன்றரை வருடமாக எல்லோருக்கும் அதே பதில்தான். தையல் கடை பூட்டிக் கிடந்தது. காய்கறிகூட மாடி ஜன்னலிலிருந்து இறங்கும் கயிற்றுக் கூடையில்தான் மேலே போகும்.

ஆனால் ஒன்பது பேரிடம் ஒரே நேரத்தில் பொய் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை போலிருக்கிறது.

கதவு ஒரு சாண் திறந்தது.

“அக்கா, தொண்ணூறு கிலோ குறையுது!” என்றார் சலூன்காரர், மூச்சிரைக்க.

அக்கா எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். யாருக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று தேடுகிற பார்வை.

நான்தான் விஷயத்தைச் சொன்னேன்.

வாய்க்காலின் மேல் நாங்களே பதினோரு ஞாயிற்றுக்கிழமை பாடுபட்டு ஒரு நடைபாலம் போட்டிருந்தோம். இனி பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் மூன்று கிலோமீட்டர் சுற்ற வேண்டாம். சம்பளம் வாங்காமல் எங்களை வேலை வாங்கியவர் ரிடையரான எஞ்சினியர் ஒருவர். மூன்று டன் எடையைப் பத்து நிமிடம் ஏற்றிப் பார்க்காமல் ஒரு கோழியைக்கூடப் பாலத்தில் விடமாட்டேன் என்று நின்றுவிட்டார்.

மணல் மூட்டை ஏற்றி வந்த லாரியோ வழியிலேயே படுத்துவிட்டது.

மணல் இல்லாவிட்டால் என்ன, மனிதர்கள் இருக்கிறோமே!

பழைய இரும்புக் கடைத் தராசை வாய்க்கால் கரையில் இறக்கினோம். ஒவ்வொருவராக ஏற, எடையை நான் ஒரு தாளில் எழுதிக் கூட்டிக்கொண்டே வந்தேன்.

ஐந்து வருடமாகச் சாப்பாட்டைக் குறைத்துவிட்டதாகச் சொல்லித் திரிந்த பேக்கரிக்காரர் தொண்ணூற்றாறு கிலோ. பலத்த கைதட்டல். அவர் மனைவி தன் எடையை என் காதில் மட்டும் சொல்வதாக எவ்வளவோ கேட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. தபால்காரர் வெறும் நாற்பத்தெட்டு. “உங்கள ஏத்துறதும் ஒண்ணுதான், ஸ்டாம்ப் ஒட்டுறதும் ஒண்ணுதான்” என்று எல்லோரும் திட்ட, ரோஷம் வந்து ஓடிப்போய்க் கடிதப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினார். ஐம்பத்து மூன்று!

“ஊர்ல வேற ஆளே இல்லையா?” என்றார் அக்கா, கதவிடுக்கில் இருந்தபடியே.

“இருந்தா இங்க வந்து நிப்போமா?” என்று தபால்காரர் கெஞ்சினார்.

அக்கா கதவுக்குப் பின்னால் தன்னைப் பாதி மறைத்துக்கொண்டுதான் நின்றிருந்தார். வீட்டுக்குள்ளேயே இருந்து நன்றாக உடம்பு போட்டிருந்தது. முதலில் துக்கம், அப்புறம் கூச்சம்.

“நான் எவ்வளவு இருப்பேன்னு எனக்கே தெரியாதும்மா” என்றார் என்னிடம், மெல்ல.

“எவ்வளவு இருந்தாலும் எங்களுக்கு லாபம்தான்க்கா” என்று உளறிவிட்டேன்.

சலூன்காரர் என் காலை மிதித்தார். சரி, காரியத்தைக் கெடுத்தாயிற்று என்று நினைத்தேன்.

உள்ளேயிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் மாதிரி. பிறகுதான் புரிந்தது, அக்கா சிரிக்கிறார். கதவைப் பிடித்துக்கொண்டு, குலுங்கக் குலுங்க, நிறுத்த முடியாமல் சிரிக்கிறார்.

செருப்பு எங்கே கிடக்கிறது என்று தேடவே கால்மணி நேரம் ஆனது.

ஏற்கெனவே எடை போட்டுவிட்டுப் போயிருந்தவர்கள் தெருவில் அவரைப் பார்த்ததும் வேலையைப் போட்டுவிட்டுக் கூடவே நடந்தார்கள். கரைக்கு வந்து தராசில் ஏறினார். முள் ஆடி ஆடி நின்றது.

“தொண்ணூற்றெட்டு!”

ஆரவாரம் காதைப் பிளந்தது. முதலிடம் பறிபோன பேக்கரிக்காரர் நெஞ்சில் கைவைத்துச் சாய்வது போல நடித்தார். அக்கா பரிசு வாங்கியவரைப் போல இரண்டு கையையும் உயர்த்திக் காட்டிவிட்டு இறங்கினார்.

நாற்பத்தேழு பேரும் பாலத்தில் தோளோடு தோள் உரச நின்றோம். எஞ்சினியர் மட்டும் கீழே, கையில் அளவுகோலும் கடிகாரமுமாக.

“யாரும் அசையாதீங்க! முக்கியமா சிரிக்காதீங்க, அதிரும்!”

அவர் அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

மூன்றாவது நிமிடத்தில் யாரோ மூக்கால் ‘புர்’ரென்றார்கள். அவ்வளவுதான். சிரிப்பு இந்தக் கோடியில் பிடித்து அந்தக் கோடி வரை ஓடியது. பாலம் அதிர்ந்தது. அது அதிர அதிர இன்னும் சிரிப்பு. எஞ்சினியர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்துக்கொண்டிருந்தார்.

பத்தாவது நிமிடம் எஞ்சினியர் குனிந்து பார்த்தார், நிமிர்ந்தார், தொப்பியைத் தண்ணீரில் வீசினார்.

“பாஸ்!”

இறங்கியதும் அக்கா என்னிடம் கையை நீட்டினார். “அந்தத் தாளக் கொஞ்சம் காட்டும்மா.”

நான் அதை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோவதற்குள் உருவிவிட்டார்.

கடைசி வரியில் அவர் பெயர். அதற்கு மேல் வரியிலேயே, என் கையெழுத்தில், நாற்பத்தாறு பேருக்கான மொத்தம்: மூவாயிரத்து நாற்பத்திரண்டு கிலோ. அதைச் சுற்றி எஞ்சினியரின் சிவப்பு வட்டம். பக்கத்தில் ‘போதும்’ என்று எழுதியிருந்தார்.

“அக்கா, அது வந்து...”

“தராசுல ஏறும்போதே பாத்துட்டேன்” என்றார், தாளை நான்காக மடித்து என் கையில் வைத்தபடி. “கைப்பிடிக்கு என்னிக்கு பெயிண்ட் அடிக்கிறீங்க? எத்தன மணிக்கு வரணும்?”