மும்கின்

சாலிம் தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவை உள்ளங்கையால் அறைந்துகொண்டிருந்தார்.

"யூ மஸ்ட் ஓப்பன்! யூ மஸ்ட்!"

காவலாளி ஏகாம்பரம் குறுக்கே நின்று அவர் மார்பில் கை வைத்துத் தள்ளினார்.

ஷமீமா படியேறி ஓடிவந்தாள். வைத்தியத்துக்காகச் சென்னைக்கு வரும் அரபுக் குடும்பங்களுக்கு, ஆஸ்பத்திரிக்கு எதிர் லாட்ஜில், இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுப்பவள். சிறுவயதில் ஜித்தாவில் இருந்ததால் அவளுக்குக் கொஞ்சம் அரபி வரும்.

சாலிம் அவளிடம் படிப்பவர். ஏமன்காரர். அங்கே மீன்பிடிப் படகு வைத்திருந்தார். மகள் ரீமுக்கு நேற்று இதய ஆபரேஷன் நடந்தது. அதன்பிறகு அவளைக் கண்ணில் காட்டவில்லை.

"இன்னாம்மா இவரு, என்னையே அதிகாரம் பண்றாரு? மஸ்ட்டு மஸ்ட்டுன்றாரு," என்றார் ஏகாம்பரம்.

அவள் சாலிமிடம் அரபியில் சொன்னாள். "மஸ்ட் வேண்டாம். கட்டளை போடுவதுபோல் இருக்கிறது. 'குட் யூ' என்று கேளுங்கள்."

அவர் அவளை வெறித்துப் பார்த்தார்.

"குட் என்றால் 'கேன்' என்பதன் இறந்த காலம் என்று நீங்கள்தானே சொன்னீர்கள். என் மகள் இறந்த காலம் இல்லை."



பாடம் நடத்த இதுவா நேரம்? நடத்தினாள். கெஞ்சும்போது இங்கிலீஷில் ஒரு காலம் பின்னால் போய் நின்றுதான் கேட்க வேண்டும் என்றாள். அவர் சொல்லிப் பார்த்தார். பிழைபட்டது. மறுபடியும் சொன்னார்.

பிறகு காவலாளியின் பக்கம் திரும்பினார்.

"குட் யூ ப்ளீஸ் லெட் மீ சீ மை டாட்டர்?"

ஏகாம்பரம் அந்த முகத்தைப் பார்த்தார். உள்ளே போய் டாக்டரைக் கூட்டிவந்தார்.

டாக்டர் இளைஞர். முகக்கவசத்தை இறக்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"ஷி மே நாட் வேக் அப்."

ஒவ்வொரு சொல்லும் சாலிமுக்குத் தெரிந்த சொல். மே என்றால் அனுமதி. வகுப்பில் 'மே ஐ கம் இன்' சொல்லிப் பழகியிருக்கிறார்.

எழுந்திருக்க அவளுக்கு அனுமதி இல்லை.

அவர் தன் மார்பில் கை வைத்தார். குனிந்தார்.

"குட் யூ ப்ளீஸ் கிவ் ஹர் பெர்மிஷன்?"

பிழையில்லாத வாக்கியம்.

டாக்டர் ஷமீமாவைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்தாள்.

முடியும், செய்யலாம், நடக்கலாம், நடக்காமலும் போகலாம். இத்தனைக்கும் அவளிடம் இருந்த அரபுச் சொல் ஒன்றுதான்.

"மும்கின்," என்றாள். "மும்கின் மா தஸ்ஹா."

கண் விழிக்காமலும் போகலாம்.

அவர் அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினார், யாரோ வழி சொன்னதைக் கேட்டுக்கொள்வதுபோல. பிறகு பிடிமானம் தேடிக் கை நீட்டினார். ஏகாம்பரம் பிடித்துக்கொண்டார்.

"வா பாய். வா, போலாம்."

டாக்டர் ஒதுங்கி வழிவிட்டார்.

அந்த வார்டில் உறவினர்கள் உட்காரக் கூடாது. நின்று பார்த்துவிட்டு உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

ஷமீமா கண்ணாடி வழியே பார்த்தாள். சாலிம் மகளின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். முதுகு மட்டும் தெரிந்தது.

ஏகாம்பரம் வெளியே வந்தார். தன் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனார்.

டாக்டர் அதைப் பார்த்தார்.

தடுக்கவில்லை.