நடந்து காட்டிய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளையான தன் மகனை நடந்து காட்டச் சொல்வார்கள் என்று நல்லம்மாள் கனவிலும் நினைக்கவில்லை.

"தப்பா நினைக்காதீங்கக்கா. மாப்பிள்ளைக்கு முட்டி போயிடுச்சு, இனிமே பந்து விளையாட முடியாதுன்னு பேப்பர்லயே போட்டுட்டான் லா," என்றாள் பெண்ணின் அத்தை.

நல்லம்மாளுக்குச் சுருக்கென்றது. கப்பலேறி வந்து ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் பிள்ளை, இன்று சிலாங்கூர் கால்பந்து அணியில் சம்பளத்துக்கு ஆடும் நடுக்கள வீரன். பிரிக்பீல்ட்ஸில் நல்ல குடும்பம் இருக்கிறது என்று கிள்ளானிலிருந்து அவளை அழைத்து வந்தவனும் அவன்தான். இந்த அவமானம் தேவையா?

குணசீலன் சிரித்துக்கொண்டே எழுந்து, ஹாலில் இரண்டு நடை நடந்தான்.

"நடை சரி. ஓடுவாரா?"

"ஓடுவார் அத்தை," என்றாள் காபித் தட்டுடன் வந்த தமயந்தி. "சனிக்கிழமை மெர்டேக்கா ஸ்டேடியத்துல ஃபைனல் ஆடுறார். கோச் இன்னிக்குத்தான் பேரைச் சேர்த்தார்."

"உனக்கெப்படிடி தெரியும்?"

"ஆஸ்பத்திரியில ஆறு மாசமா இந்தக் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறதே நான்தானே! ஆடலாம்னு காலையில கோச்கிட்ட சொன்னதும் நான்தான்."

கொட்டுகிற மழையிலும் மகன் ஆஸ்பத்திரிக்குப் பறந்தது ஏன் என்று நல்லம்மாளுக்கு இப்போதுதான் புரிந்தது. குணசீலன் கூரையைப் பார்த்தான்.

அத்தை அசடு வழிந்தாள். "அக்கா, பொண்ணையும் நடந்து காட்டச் சொல்லவா?"

"எதுக்குங்க?" நல்லம்மாள் எழுந்து போய்த் தமயந்தியின் தலையில் தான் கொண்டு வந்த பூவை வைத்தாள். "என் பிள்ளையையே நடக்க வெச்ச பொண்ணாச்சே!"