ராஜாங்கத்தின் பத்தியம்

“துப்புடி அதை! துப்புன்னா துப்பு!”

வாயில் போட்ட சோற்றை மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அம்சவல்லி விழித்தாள். பிறகு கொல்லைப்பக்கம் போய்த் துப்பிவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். எதிரில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அவள் தம்பி காத்தவராயன் பிசைவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

சொந்த ஊரான மங்களூர் கிராமத்திலிருந்து காலை பஸ்ஸில்தான் அவன் வந்திருந்தான். தை அறுவடையின் புது அரிசி ஒரு பை கொண்டுவந்திருந்தான். அதில் இரண்டு பிடி எடுத்து அவனுக்கென்று வடித்திருந்தாள் அக்கா. மனசு கேட்காமல் அவன்தான் ஒரு கவளத்தை எடுத்து அவள் தட்டில் வைத்தான். அதற்குத்தான் இந்தக் கூத்து.

“ஒரு வாய் சோறுதானே மாமா? அதுக்கு ஏன் இப்படிக் கத்தறீங்க?”

“எனக்குச் சக்கரை வியாதி. சோத்துப் பக்கமே போவக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. நான் இந்தக் கண்றாவியத் தின்னுகிட்டு இருக்கறப்போ, இவ என் எதிர்ல குந்திகிட்டு சோறு திம்பாளா?” என்றான் அவள் புருஷன் ராஜாங்கம். பீங்கான் கம்பெனியில் சூளை எரிக்கிறவன். வீட்டிலும் அதே சூடுதான்.

அவன் கண்றாவி என்றது இதைத்தான். முட்டைகோஸைச் சோற்றுப் பருக்கை அளவுக்கு அரிந்து, ஆவியில் வேகவைத்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்திருந்தாள். அதன்மேல் ஊற்றிக்கொள்ளக் கெளுத்திமீன் குழம்பு. தொட்டுக்கொள்ளப் பாகற்காய் வறுவலும் அவித்த முட்டையும். கடைசியில் குடிக்க நீர்மோர். அரை மணியில் ஆகிற சமையல், வாசனையும் தெருக்கோடி வரை போயிற்று.

ஆனால் சாப்பிடுகிறவன் லட்சணத்தைப் பார்க்கவேண்டுமே! ஒவ்வொரு வாய்க்கும் முகத்தைக் கோணினான். பாகற்காயை நாக்கில் வைத்ததும் ‘உவ்வே’ என்றான். விளக்கெண்ணெய் குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு கோஸை விழுங்கினான். ஒரு காலத்தில் சோற்றில் பாத்தி கட்டிக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்ட ஆள். இப்போது மைத்துனன் தட்டையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். சீ, இப்படியும் ஒரு மனுஷன் இருப்பானா?

அதோடு விட்டானா? அம்சவல்லியின் தட்டை வெடுக்கென்று இழுத்தான். சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்த கோஸை வழித்து எறிந்துவிட்டு, தன் கையாலேயே வேறு கோஸை அள்ளி வைத்தான்.

“தின்னு. தட்டு காலியாவற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்.”

சொன்னபடியே காவல் இருந்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வாய் வரை தின்று முடித்தாள். காத்தவராயன் பாதிச் சாப்பாட்டில் கையைக் கழுவிவிட்டான்.

அடுப்படியில் அக்கா தனியாக இருந்தபோது அவனுக்கு அடக்க முடியவில்லை.

“என்னக்கா இது, மனுசனா அவரு? அவரு இல்லாத நேரத்துல உனக்குன்னு ரெண்டு பிடி வடிச்சித் தின்னா என்ன?”

“எனக்குன்னு தனியா ஒலை வைக்கறதா? என்னிக்குடா வெச்சிருக்கேன்? எனக்கு மஞ்சக்காமாலை வந்தப்பகூட அவருக்கு ஆக்கனதுல மிச்சந்தான் எனக்கு. அவரு சீக்காளிடா. கோவத்துல கத்துவாரு, நாமதான் பொறுத்துக்கணும்.”

“பொறுத்தது போதும். காலையில மொத பஸ்ஸுக்கு என்கூட நம்ம வூட்டுக்கு வந்துடு. இனிமே இந்த ஆளு மூஞ்சியில முழிக்க வாணாம்.”

அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிணற்றடிக்கு நடந்தாள். போன ஆடியில் அவன் வந்தபோது, ஆறாத கால் புண்ணில் துணியைச் சுற்றிக்கொண்டு நொண்டிக்கொண்டிருந்தவள். இப்போது விறுவிறுவென்று நடந்தாள். அந்த ஒன்றாவது தேவலை என்று நினைத்துக்கொண்டான்.

சாயங்காலம் ராஜாங்கம் டாக்டரிடம் கிளம்பினான். தனியாகப் போகமாட்டானாம், பெண்டாட்டியும் கூட வரவேண்டுமாம். போகிற போக்கில் அவளுக்கும் பார்த்துவிடலாம் என்று அவள் சிறுநீரையும் ஒரு புட்டியில் பிடித்துத் தரச் சொல்லி, இரண்டு புட்டியையும் மஞ்சள் பைக்குள் வைத்துத் தானே தூக்கிக்கொண்டான். காத்தவராயனுக்கு அந்தப் பையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. ஆனாலும் கூடவே நடந்தான். டாக்டரிடமே நியாயம் கேட்டுவிட்டு, அக்காவைக் கையோடு கூட்டிப்போவது என்று தீர்மானித்திருந்தான்.

ஜங்ஷனுக்குப் பக்கத்தில் டாக்டரின் அறை. அம்சவல்லியை வாசல் பெஞ்சியில் உட்காரச் சொல்லிவிட்டு ராஜாங்கம் மட்டும் உள்ளே போனான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்த காத்தவராயன், விடுவிடுவென்று போய் அரைக்கதவில் கை வைத்தான்.

உள்ளே டாக்டர், புட்டியிலிருந்து சில சொட்டு நீர் விட்ட ஒரு கண்ணாடிக் குழாயைச் சின்ன விளக்கின் சுடரில் காட்டிக்கொண்டிருந்தார். குழாயில் இருந்த நீல மருந்து மெதுவாகப் பச்சையாகியது. அவர் முகத்தில் சிரிப்பு வந்தது.

“ஆடியில பார்த்தப்போ செங்கல் கலர்ல இருந்துது. இப்ப எவ்வளவோ கொறஞ்சிருக்கு. அதான் கால் புண்ணும் ஆறிடுச்சு.”

காத்தவராயனின் கை கதவிலேயே நின்றுவிட்டது.

“ஏன்யா ராஜாங்கம், உனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே. நீ ஏன் சோறில்லாமக் கஷ்டப்படற? சக்கரை அந்தம்மாவுக்குத்தான்னு அவங்ககிட்டயே சொல்லிட்டுப் போயேன்” என்றார் டாக்டர்.

ராஜாங்கம் தலையைச் சொறிந்தான்.

“சொன்னம்னா நாளைக்கே எனக்குச் சோறு வடிச்சிப் போட்டுட்டு, மிச்சத்தை அவ தின்னுடுவாளே, டாக்டரய்யா!”