சமத்து

சமத்து கூடையை விட்டு இறங்கிவிட்டாள்.

சலவைக் கடையின் பின்னறையில், இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் இருக்கும் துணிக்கூடை அது. ஒன்றரை வயசுக்காரி. காலையில் உட்கார வைத்தால் சாயங்காலம் வரை வைத்தது வைத்தபடி இருப்பாள். அழுகை கிடையாது, அதைக் கொடு இதைக் கொடு என்ற நச்சரிப்பு கிடையாது. எட்டிப் பார்க்கிறவர்கள் எல்லாம், பெற்றால் இப்படி ஒரு பிள்ளையைப் பெற வேண்டும் என்பார்கள். நிஜப் பெயரை ஒருவரும் கூப்பிடுவதில்லை. சமத்து என்பதே ஒட்டிக்கொண்டது.

அம்மாக்காரிக்கு அதில் கொள்ளைப் பெருமை. இருக்காதா பின்னே?

அந்தப் பெருமையோடுதான் மூன்று வாரத்துக்கு முன்னால் தடுப்பூசிக்குத் தூக்கிப் போனாள். ஊசி குத்தியபோதும் சமத்து அழவில்லை. எவ்வளவு சமத்து பாருங்கள் என்று நர்ஸிடமும் சொன்னாள். நர்ஸ் குழந்தையின் மேல்கையில், சதைப்பிடிப்பை அளக்கும் வண்ண நாடா ஒன்றைச் சுற்றினாள். நாடா சிவப்பில் நின்றது.

"இது சமத்து இல்லம்மா. அழறதுக்குத் தெம்பில்ல."

தாய்ப்பால் சீக்கிரமே வற்றியது, வாங்கின பாலில் தண்ணீரைக் கூட்டியது, மாதம் தவறாமல் வந்த வயிற்றுப்போக்கு என்று நர்ஸ் ஒன்றுவிடாமல் கேட்டு எழுதிக்கொண்டாள். எடை கூடுவதற்காக வேர்க்கடலைப் பசைப் பொட்டலங்கள் கொடுத்து, வாரா வாரம் எடை பார்த்தாள். தராசு முள் நகர்வேனா என்றது. சமத்து ஒரு வாய் நக்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

நாளைக்குக் கடைசித் தவணை. தானாக வாய் திறந்து சாப்பிடாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தே ஆக வேண்டும்.

அந்தச் சமத்துதான் இப்போது இறங்கி, தரையில் தவழ்ந்து போய்க்கொண்டிருக்கிறாள்.

துணி மடிக்கிற அக்கா மத்தியானச் சாப்பாட்டைப் பிரித்திருந்தாள். டப்பாவில் அவித்த முட்டை மூன்று. வழக்கம்போல "சாப்டாச்சா?" என்று, இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த சமத்தின் அம்மாவை, இவளைக் கேட்டாள். நாலு வருஷமாகத் தினமும் கேட்கிற கேள்வி. இவளும் வழக்கம்போல, "ஆச்சுக்கா" என்றாள். சொல்லிவிட்டுச் சட்டைக் காலரைத் தேய்த்தாள்.

சமத்து டப்பாவுக்குள் கையை விட்டாள்.

"அடி கள்ளி" என்று அக்கா முட்டையைப் பிடுங்கினாள். முழுசாக விழுங்கித் தொலைத்துவிடப் போகிறாளே, பிய்த்துத் தரலாம் என்றுதான் பிடுங்கினாள். அது சமத்துக்கு எப்படித் தெரியும்? மல்லாந்து விழுந்தாள். இரண்டு காலாலும் தரையை உதைத்தாள். பிறகு கத்தினாள் பாருங்கள், முன்பக்கம் வாடிக்கையாளரோடு பேசிக்கொண்டிருந்த முதலாளி பதறிப் போய்த் தலையை நீட்டினார்.

"யாரு பிள்ள அது?"

தினமும் பார்க்கிற குழந்தைதான். குரலை மட்டும் அவர் கேட்டதே இல்லை.

"என் பிள்ளைங்க" என்றாள் இவள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுச் சிரித்தாள். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதலாளி ஒன்றும் புரியாமல் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அக்கா முட்டையைப் பிய்த்து ஊட்டினாள். சமத்து விக்கல் அடங்குவதற்குள் அடுத்த வாய்க்கு ஆ காட்டினாள். பிறகு அக்காவின் கையையே பிடித்து இழுத்தாள். ஒரு முட்டை போன இடம் தெரியவில்லை.

இவள் மேசையைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். வயிறு குளிர்ந்துவிட்டது. நாளைக்கு நர்ஸிடம் முதல் வார்த்தையாக இதைத்தான் சொல்ல வேண்டும்.

நர்ஸ் கேட்டுக்கொள்வாள். கேட்டுவிட்டு, இவளையும் கையை நீட்டச் சொல்வாள்.

தடுப்பூசி போட்ட அன்றைக்கு நர்ஸ் இரண்டு அட்டை எழுதினாள். பெரிய நாடா ஒன்றை எடுத்து இவள் கையையும் அளந்து எழுதியது இரண்டாவது. அதை நாலாக மடித்துப் பைக்குள் போட்டவள், இன்றுவரை யாரிடமும் காட்டவில்லை. சின்ன வயசிலிருந்தே எதையும் கேட்காத பெண் என்று பேர் வாங்கினவள் இவள்.

அக்கா விரலை நக்கிக்கொண்டே நிமிர்ந்தாள். "உன் பொண்ணு என் சோத்துக்கே வேட்டு வைக்கிறா. ஆமா, நீ நிஜமாவே சாப்டாச்சா?"

இவள் அடுத்த சட்டையை எடுத்தாள். கீழே வைத்தாள்.

"இல்லக்கா. பசிக்குது."