நாய் டாக்டர் எடுத்த ரத்தம்

பூனை ஆஸ்பத்திரிக்கு ஒரு வேட்டைநாய் டாக்டராக வந்தது. மயிர் கொட்டுகிறது என்று செவலைப் பூனை அதனிடம் காட்டப் போனது. நாய் அதன் கழுத்தருகே மூச்சுவிட்டபடி ரத்தம் எடுத்துச் சோதித்தது.

“பயந்தா ஊறுற ஹார்மோன் எக்கச்சக்கமா ஏறியிருக்கு. அதைச் சுரக்கிற அட்ரினல் சுரப்பி கெட்டுப்போச்சு. ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும்.”

செவலை சுவரோரம் ஒதுங்கியது. “டாக்டர், நீங்க கொஞ்ச நேரம் வெளியே இருங்க. நர்ஸம்மா ரத்தம் எடுக்கட்டும்.”

நாய் வெளியே போனது. செவலை நிதானமானதும் நர்ஸ் ஆடு ரத்தம் எடுத்தது. அளவு சரியாகவே இருந்தது.

நாய் திரும்பி வந்து அறிக்கையைப் பார்த்து ஆட்டிடம் முகம் சுளித்தது. “உனக்கு ரத்தமே எடுக்கத் தெரியலை. முந்நூறு பூனைக்கு நான் எடுத்திருக்கேன், ஒண்ணுக்காவது இப்படிக் குறைஞ்சிருக்கா? கத்தியை எடு!”

செவலை ஜன்னல் வழியே குதித்து ஓடியது.

“பார்த்தியா,” என்றது நாய், “நோய் முத்திப்போச்சு.”